லதாவை யாரென்று சொன்னேன்

நேற்று ஒரு மாணவி என் பழைய ஆய்வுக் கட்டுரையை அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுவந்தாள். நீ சொன்ன வரிகளின் மேல் மட்டும் மஞ்சள் மை தீட்டியிருந்தாள்: “எங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவுன்னு கேக்கறாங்க. வார்த்தை இருந்தா சொல்ல மாட்டோமா?”

“இது யார் மேடம் சொன்னது?” என்றாள்.

“ஒரு தோழி” என்றேன்.

நம் ஊர் சாஆவின் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நீ தம்போய் ஊரில் ஃபேக்டரி வேலைக்குப் போனாய், அங்கே லதாவைக் கண்டாய். வீட்டு உரிமையாளரிடம் அக்கா தங்கை என்று சொல்லி, பதினோரு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தீர்கள்.

பெண்ணை நேசிக்கும் பெண்களுக்குக் குடும்பத்திலும் மொழியிலும் ஏன் இடமில்லை என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. உன்னிடம்தான் வந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பேசினாய். “நம்மள பத்தி எழுத என்னா இருக்கு லா?” என்று அடுப்படியிலிருந்து லதா சிரித்தாள்.

கட்டுரை வெளியானதும் உன் வீட்டுக்கு வந்து, ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். ஓர் உறவுக்குப் பெயர் கொடுக்க மறுப்பதும் வன்முறைதான் என்று எழுதியிருந்த இடத்தில் நீ என்னை நிறுத்தினாய்.

“நல்லா எழுதியிருக்க டி. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா லதாவ நீதான் பாத்துக்கணும்.”

“கண்டிப்பா” என்றேன். அவ்வளவு சுலபமாக.

அடுத்த ஆண்டே உனக்குப் புற்றுநோய். வேலையை விட்டுவிட்டு உன் கட்டிலருகே கிடந்தவள் லதா. நீ போனதும் உன் அண்ணன் உடலை சாஆவுக்குக் கொண்டுபோனார். லதாவை நான் என் காரில் அழைத்துவந்தேன்.

வாய்க்கரிசி போட உறவுக்காரர்களைக் கூப்பிட்டபோது லதாவும் முன்னால் வந்தாள். உன் பெரியம்மா கையை நீட்டித் தடுத்து, என்னைப் பார்த்துக் கேட்டார்: “இது யாரு?”

லதா என் முகத்தையே பார்த்தாள்.

“கூட வேலை செஞ்சவங்க, பெரியம்மா.”

“அப்போ கொஞ்சம் தள்ளி நிக்கட்டும். நீ வாம்மா, சின்னதுலேர்ந்து கூடவே இருந்த புள்ள.”

நான் போனேன். தட்டிலிருந்து அரிசியை அள்ளினேன். உன் வாயில் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது லதா அங்கே இல்லை. பஸ் ஏறிப் போய்விட்டாளாம்.

இரண்டு ஆண்டுகளாக அவளை நான் தேடிப் போகவில்லை. அந்த மஞ்சள் மையைப் பார்த்தபிறகு இருக்க முடியாமல், இன்று காலை தம்போய்க்குப் போனேன். உங்கள் அதே வீடுதான். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிட்டாள், மைலோ கலக்கிக் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க உண்மைய சொல்லியிருந்தா என்னை வெளிய தள்ளியிருப்பாங்க. அது எனக்குத் தெரியும் லா” என்றாள். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆனா நீங்க அள்ளுன அரிசியில கொஞ்சம் என் கையில குடுத்திருக்கலாம். யாரும் ஒன்னும் கேட்டிருக்க மாட்டாங்க.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. பயந்துவிட்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அத்தனை பேர் நடுவில் பெரியம்மா என்னை முன்னால் கூப்பிட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, உனக்கு மிக நெருக்கமானவள் நான்தான் என்று. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.