முன்னால் போகும் குரல்

பெர்னாவ்
நவம்பர் 19

அன்புத் தங்கை கோர்தூலாவுக்கு,

அண்ணன் செவரின் எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான், தொழுவத்து மாடுகள் எல்லோரும் சுகம். ஃபின்லாந்துச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று அம்மாவிடம் புலம்பினாயாமே. குறை சொல்லத் தெம்பு இருந்தால் நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

போனில் பேசாமல் இவன் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நீ குறுக்கே புகுந்துவிடுவாய். உன் போனில் வாசிக்கிற அந்த இயந்திரப் பெண்மணியை உன்னால் மடக்க முடியாது. நம் ஊர்ப் பெயர்களைக் கடித்துத் துப்புவாள், பொறுத்துக்கொள். அறையில் உன் புது வழிகாட்டி ஹென்ரிக்க இருந்தால் காதில் மாட்டிக்கொண்டு கேள்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு இடுப்பு அறுவை நல்லபடியாக முடிந்தது. இரண்டு ஊன்றுகோலோடு தொழுவத்துக்குப் போகிறார். "ஒழுங்காப் படுங்க" என்று அம்மா கத்தினால், "புது இடுப்பு வாங்கினது கட்டில்ல வெச்சு அழகு பாக்கவா, ரோஸ்விதா?" என்கிறார். கணவாயில் முதல் பனி நன்றாக விழுந்துவிட்டது. அப்பா ஓட்டிய, பனியில் தடம் போடும் வண்டியை இந்த வருடம் வேறு ஆள் ஓட்டுகிறான். அப்பாவைக் காரில் கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணாடியைக்கூட இறக்காமல், "இது ஸ்கீ போற தடமா? உருளைக்கிழங்கு நட உழுது வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பச் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் இடுப்பைச் சொல்லித்தான் ஃபின்லாந்துப் பயிற்சி முகாமுக்கு நான் வரவில்லை. அது ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்லை. உனக்கும் இது தெரியும். தெரிந்தும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மார்ச்சில் இத்தாலியில் ஓடிய பந்தயத்தின் கடைசி ஏற்றம் நினைவிருக்கிறதா? போலந்துக்காரி நமக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தாள். உன் ஸ்கீயின் நுனி என் ஸ்கீயின் பின்பக்கத்தைத் தட்டியது. சின்ன வயதிலிருந்தே அதற்கு "போடா" என்றுதான் அர்த்தம். இருந்த பலத்தையெல்லாம் போட்டேன். மறுபடி தட்டினாய். அதற்கு மேல் போட என்னிடம் எதுவும் இல்லை. பிறகு நீ தட்டவே இல்லை. என் மூச்சு துருத்தி மாதிரி இரைந்தது. உன் மூச்சையும் கேட்டேன். தெருவில் நடந்து போகிறவளின் மூச்சு அது, தூலா. அந்த ஏற்றம் முழுக்க உனக்கு முன்னால் கத்திக்கொண்டே போனேன். உனக்கு வழி காட்டிக்கொண்டு போகவில்லை, வழியை மறித்துக்கொண்டு போனேன்.

இரண்டாவதாக வந்தோம். பத்திரிகைக்காரர்களிடம் நீ சிரித்துக்கொண்டே, "ஸ்கீ கோலோட கைப்பிடி வார் அவுந்துபோச்சு, என் தப்புதான்" என்றாய். அந்த வாரை மாட்டிவிட்டவன் நான். அது அவிழவில்லை. பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

நீ முதலில் என்னைக் கூப்பிட்டது நினைவுக்கு வருகிறது. உனக்குப் பதின்மூன்று வயது. கண்ணில் கடைசியாக இருந்த வெளிச்சமும் போன குளிர்காலம். அம்மா உன் ஸ்கீயை வைக்கோல் பரணில் ஒளித்துவைத்தாள். நீ தடவித் தடவி அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து என் அறைக் கதவை இடித்தாய். "டேய் அண்ணா, நீ கத்திக்கிட்டே முன்னால போ. நான் பின்னால வர்றேன்." தொழுவத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில் போனோம். "இடது! இடது!" என்று கத்தினேன். நீ நேராகப் போய் எருக்குவியலில் விழுந்தாய். வாயெல்லாம் சாணி. அழுவாய் என்று ஓடிவந்தேன். "இடதுன்னா எவ்வளவு இடதுடா? ஒரு மாடு அளவா, ஒரு வீடு அளவா? ஒழுங்காச் சொல்லத் தெரியாதா உனக்கு?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாய். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் நீதான்.

அதற்குப் பிறகு எத்தனை ஊர், எத்தனை பனி! முதல் தேசியப் போட்டியில் நாம் கடைசியாக வந்தோம். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நின்று கைதட்டினார்கள். "யாருக்குடா கைதட்டுறாங்க?" என்றாய். "நமக்குத்தான்" என்றேன். "கடைசில வந்ததுக்கா? அசிங்கம். அடுத்த வருஷம் ஒருத்தனும் இரக்கப்பட்டுக் கைதட்டக் கூடாது" என்றாய். அடுத்த வருடம் யாரும் இரக்கப்படவில்லை. முதல் பாராலிம்பிக்கில் இறக்கத்தில் இருவரும் உருண்டோம். நான்கு வருடம் கழித்து நீ தங்கம் வாங்கியபோது என் கழுத்திலும் ஒன்றை மாட்டினார்கள். அப்பா அன்று ஊர் முழுக்கச் செர்ரிச் சாராயம் ஊற்றினாராம்.

உனக்காக நான் என் வாழ்க்கையை விட்டுக்கொடுத்தேன் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். நீயும் மனதுக்குள் அப்படி நினைக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். மாநில அணியில் நான் ஓடிய பந்தயங்களில் ஒரு தடவைகூட முதல் பத்துக்குள் வந்ததில்லை. தனியாக ஓடியிருந்தால் இருபத்தைந்து வயதில் ஸ்கீயைக் கழற்றிச் சுவரில் மாட்டிவைத்திருப்பேன். உலகத்தைச் சுற்றிக் காட்டியது நீதான். அந்தப் பாரத்தை நீ தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டாம்.

செப்டம்பரில் பயிற்சியாளர் எக்கார்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "செவரின், அவ உன்னைத் தாண்டிட்டா. உனக்கு நாப்பது வயசு. இது யார் தப்பும் இல்ல. ஆனா அவ வாயால இதைச் சொல்லமாட்டா" என்றார். நீ அவரிடம் சொன்னதையும் சொன்னார். "அண்ணன் வரலன்னா நானும் ஸ்கீயக் கழட்டிடுவேன்" என்றாயாம். பாதித் தூரம் ஹென்ரிக்க, பாதித் தூரம் நான் என்று நீயே ஒரு கணக்கும் போட்டிருக்கிறாய். போட்டி விதி அதற்கு இடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் என் பாதியில் நீ மறுபடி தெருவில் நடக்கிறவளின் மூச்சை விடுவாய். அதை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியாது.

ஹென்ரிக்கவின் குரல் தகர டப்பா மாதிரி இருக்கிறது என்று சொன்னாயாம். இருக்கட்டும். காற்றடிக்கும்போது தகரம்தான் காதில் விழும். அவள் துரிங்கியா மாநிலத்துக்காரி, வாய் ஓயாது. நாட்டின் இளையோர் அணியிலிருந்து அவளைக் கழித்துவிட்டபோது எப்படி உடைந்துபோனாள் என்று எக்கார்ட் சொன்னார். உன்மேல் இரக்கப்பட்டு வந்தவள் இல்லை அவள். அவளுக்கும் ஜெயிக்க வேண்டும்.

அவளோடு ஒரு மாலை முழுக்கப் பேசினேன். உன்னிடம் "பாத்து, பாத்து" என்று மட்டும் சொல்லாதே, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல் என்றேன். இறக்கத்தில் நீ மெல்ல முனகிக்கொண்டே வருவாய், முனகல் நின்றால் பயந்திருக்கிறாய் என்று அர்த்தம், அப்போது அவள் பேச்சை நிறுத்தவே கூடாது என்றேன். பந்தயத்துக்கு முன்னால் நீ யார்மேலாவது எரிந்து விழுவாய், அதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னேன். "எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான், பழக்கம்" என்று சிரித்தாள். எனக்குப் பிடித்திருந்தது.

தூலா, நான் வரமாட்டேன். கோபத்திலோ சலிப்பிலோ சொல்லவில்லை. ஸ்கீயை மட்டும் கழற்றிவிடாதே. நீ நிறுத்த வேண்டிய நாள் வரும்போது நிறுத்து. அது உன் கால் சொல்ல வேண்டிய நாள், என் கால் சொல்ல வேண்டியது இல்லை. இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

அன்புடன்,
உன் அண்ணன்
செவரின்


பெர்னாவ்
பிப்ரவரி 25

அன்புத் தூலாவுக்கு,

நேற்று நீ கூப்பிட்டபோது நான் சரியாகப் பேசவில்லை. நீ அழுதாய், நான் மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு எழுதத்தான் வருகிறது போல.

என் போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. டிசம்பர் முழுக்க அம்மாவைக் கூப்பிட்டு அப்பாவின் இடுப்பையும் மாடுகளையும் விசாரித்தாயே தவிர, என் பெயரை எடுக்கவில்லை. அம்மா போனை என் பக்கம் நீட்டுவாள். நீ அதற்குள் வைத்துவிடுவாய். "ரெண்டும் ஒரே கழுதைக்குப் பொறந்ததுங்க" என்று அம்மா சொல்ல, "என்னையா சொல்ற?" என்று அப்பா சண்டைக்குப் போனார். ஆனால் நீ ஹென்ரிக்கவோடு ஓடிக்கொண்டிருந்தாய் என்று எக்கார்ட் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நார்வேயில் உலகப் போட்டியின் முதல் நாளை நாங்கள் சமையலறையில் உட்கார்ந்து கணினியில் பார்த்தோம். அந்தத் திருப்பத்தில் நீ விழுந்தபோது அம்மா மேசைத்துணியைப் பிடித்து இழுத்தாள். காப்பி முழுக்க அப்பாவின் மடியில். ஹென்ரிக்க திருப்பத்தைத் தாமதமாகச் சொன்னாள், நானும் கேட்டேன். ஏழாவது இடம். உன்னைக் கூப்பிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். கூப்பிட்டிருந்தால் நான் அவளைக் குறை சொல்லியிருப்பேன், நீயும் ஆமாம் என்றிருப்பாய். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். போனை எடுக்காமல் மரம் பிளக்கப் போய்விட்டேன்.

அன்று நீங்கள் இருவரும் விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு கத்திச் சண்டை போட்டீர்களாம். "நீ யார்கிட்டயோ பேசுற மாதிரியே என்கிட்டப் பேசுற!" என்று நீ. "நீங்க யார் குரலையோ தேடிக்கிட்டே என் பின்னால வர்றீங்க!" என்று அவள். பிறகு இருவரும் சேர்ந்து போய் இரண்டு தட்டு அப்பம் தின்றீர்களாம். எக்கார்ட் இதைச் சொல்லிவிட்டு, "இனிமே சரியாப் போயிடும்" என்றார். அவருக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரிகிறதோ.

நீண்ட தூரப் பந்தயத்தன்று பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். கடைசி ஏற்றத்தில் நீங்கள் இருவரும் ஏறியதைப் பார்த்தேன். அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை, கத்திக்கொண்டே ஏறினாள். நீ வாயைத் திறந்து, முகமெல்லாம் கோணி, எச்சில் வழிய ஏறினாய். இத்தனை வருடத்தில் உன் முகம் அப்படிப் போனதை நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பேன்? எப்போதும் உனக்கு முன்னால் அல்லவா இருந்தேன். நீ மலை ஏறுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன், தூலா. என்ன அழகாக ஏறுகிறாய்!

போலந்துக்காரியை உச்சியிலேயே தாண்டிவிட்டீர்கள். அப்பா எழுந்து நின்று கத்தினார். ஊன்றுகோல் இல்லாமல் நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பதக்க மேடையில் ஹென்ரிக்க தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து அம்மாவும் அழுதாள். "பாவம், அந்தப் பொண்ணு ஒல்லியா இருக்கு. இங்க வரட்டும்" என்றாள்.

அப்புறம் அந்தத் தொலைக்காட்சிக்காரன் உன் முன்னால் ஒலிவாங்கியை நீட்டினான். நீ மூச்சு வாங்கிக்கொண்டே, யோசிக்காமல், "ரொம்ப வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் என்னால முடிஞ்ச முழு வேகத்துல ஓடினேன்" என்றாய். சமையலறையில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அம்மா மட்டும் என் முன்னால் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தாள்.

நேற்று நீ அதற்காகத்தான் அழுதாய். "உன்னை உலகத்துக்கு முன்னால அவமானப்படுத்திட்டேன் அண்ணா" என்றாய். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தொழுவத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தில் கைவைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் நீ சொன்னது உண்மை. அந்த உண்மையைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாள் ஆனதே, அதுதான் நீ என்மேல் வைத்திருந்த பாசம். எனக்கு அது தெரியாதா? இனி யாராவது கேட்டால் அதையே சொல். ஒரு வார்த்தையும் குறைக்காதே.

ஞாயிறு மாலை ஊர் வழக்கப்படி, தீயில் சிவக்கக் காய்ச்சிய மரவட்டுகளை ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குன்றிலிருந்து எறிந்தோம். இந்த வருடம் காற்று இல்லை, வட்டுகள் நன்றாகப் பறந்தன. அப்பா பிடிவாதமாக மேலே ஏறி வந்து முதல் வட்டை உன் பெயர் சொல்லி எறிந்தார். பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. என் முறை வந்தபோது, "யாருக்குடா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். ஹென்ரிக்கவுக்கு என்றேன். சிலர் சிரித்தார்கள், என்ன உறவு என்று கேலி செய்தார்கள். நன்றாகச் சிவந்து, வெகு தூரம் போய் விழுந்தது என் வட்டு. அவளிடம் சொல்.

இந்த வாரம் காலையில் கணவாய்க்குப் போய்த் தனியாக ஓடுகிறேன். வாயைத் திறக்காமல் ஓடுவது விநோதமாக இருக்கிறது. நேற்று ஒரு திருப்பத்தில் என்னை அறியாமல் "வலது, ஒரு வீடு அளவு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் போன ஒரு கிழவர், "எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லா இரு, தங்கையே. கால் நன்றாக இருக்கட்டும், பனி இறுக்கமாக இருக்கட்டும், உனக்கு முன்னால் போகிற குரல் உன்னைவிட வேகமாகவே இருக்கட்டும். பந்தயத்தில் யாருக்காகவும் மெதுவாகப் போகாதே. வீட்டுக்கு வரும்போது மட்டும் அவசரப்படாமல், நாலு நாள் கூட இருந்துவிட்டுப் போ.

உன் அண்ணன்
செவரின்