என்னை வெட்டிய ரெக்கார்டர்

பிரியமுள்ள மைனிக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. உங்கள் வீட்டு டிவி ரெக்கார்டர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அண்ணன் மறுபடி மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது, "நீயே வச்சுக்கிடு" என்று தந்துவிட்டுப் போனான். ஆசைப்பட்டு நான் அதை வாங்கவில்லை. உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வாங்கினேன்.

நம் சபையின் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனையை டிவியில் போட்டார்களே, அந்தப் பதிவு இதில்தான் இருக்கிறது. அன்று என் வீட்டில் கரண்ட் இல்லை. மறுநாள் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். பாடகர் குழு ஒரே நீள வரிசையாக நின்றது. இடது ஓரத்தில் நான் நிற்க வேண்டும். பாட்டுப் புத்தகம் பிடித்த என் கை மட்டும் தெரிந்தது.

"மைனி, என்னைய எங்க? வெட்டிட்டியளா?"

"நான் என்னத்தட்டி வெட்ட? உள்ளதுதான் ஓடுது," என்று சிரித்தீர்கள். ரிமோட் உங்கள் கையில் இருந்தது. அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

முந்தின வாரம்தான் ஒத்திகையில் எல்லார் முன்னாலும், "மைனிக்கு சுருதி நிக்கல்ல" என்று சொல்லியிருந்தேன். அதற்குத்தான் பழி வாங்குகிறீர்கள் என்று முடிவு கட்டினேன். குழுவில் ஒருத்தர் விடாமல் சொன்னேன். உங்கள் காதுக்கு வராமலா இருந்திருக்கும்? அதன் பிறகு நீங்கள் கொடுத்தனுப்பிய மரச்சீனிக் கிழங்கைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வேகவைத்தேன். இப்படியே இரண்டு வருடம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியை என் புது டிவியில் மாட்டினேன். அகலமான டிவி. எல்லோரும் பக்கவாட்டில் வீங்கித் தெரிந்தார்கள். போதகர் இரண்டு ஆள் பருமன். நான் அப்போதும் இல்லை. இதிலும் ஏதோ சூது வைத்திருக்கிறீர்கள் என்று மெனுவைத் துழாவினேன். திரை அளவில் நாலுக்கு மூன்று என்றிருந்தது. பதினாறுக்கு ஒன்பது என்று மாற்றினேன்.

படம் இரண்டு பக்கமும் விரிந்தது. இடது ஓரத்தில் நான், வாயை ஆவென்று திறந்தபடி. வலது ஓரத்தில் நீலச் சேலையில் நீங்கள்.

அன்றைக்கு நீங்களும்தான் படத்தில் இல்லை, மைனி. என்னையே தேடிக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவேயில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "நான்தானட்டி பழைய டிவிக்குத் தோதா மாத்தி வச்சேன். ரெண்டு ஓரமும் கொஞ்சம் போவும், மூஞ்சி பெருசா தெரியும். அதுக்கென்ன இப்போ?" என்றான்.

நீங்களும் இல்லை என்று அன்றே உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஒருவேளை நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நீங்களும்... பாருங்கள், இந்தப் புத்தி இன்னும் என்னை விடவில்லை.

வருகிற சனிக்கிழமை ஒத்திகையில், எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, எழுந்து நின்று சொல்வேன்: மைனி யாரையும் வெட்டவில்லை, நான் பரப்பியது பொய். முணுமுணுப்பாக அல்ல, பின்வரிசைக்கும் கேட்கும்படி சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் நாத்தனார்,
லீலா