ஞாயிற்றுக்கிழமை துக்கம் விசாரிக்க

டூட்டிங், லண்டன்
22.07.1996

அன்புள்ள மகன் பாலேந்திராவுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் தங்கச்சி செல்வமலர் குடும்பமும் இங்கே சுகம், நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்த மெல்பேர்ன் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். சின்னவனுக்கு இருமல் விட்டதா? டொக்டர் மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். செல்வமலருக்கு இந்தக் கிழமை இரவு ஷிப்ட், பகலில் நித்திரை, அதனால் வீட்டில் சத்தமில்லை, ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீ கோபித்துக்கொண்டு போனை வைத்த பிறகு சில நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன், ஆகவே அம்மா கோபத்தில் எழுதிவிட்டா என்று நினையாதே.

நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "நீங்கள் கண்டது காணாதே, போதாதே அம்மா? அந்தப் படங்களைப் பாத்துப்போட்டு நித்திரையில்லாமல் கிடக்கப் போறியளே? அது ஆற்றையோ சண்டை, ஆற்றையோ சனம், எங்களுக்கு ஆரெண்டே தெரியாத ஆக்கள்" என்றாய். தங்கச்சியோ "அண்ணை ஓம் எண்டால் போங்கோ" என்று பாரத்தை உன் தலையில் போட்டுவிட்டுத் தப்பிவிட்டாள். மகன், நான் அனுமதி கேட்டு எழுதவில்லை, அறிவித்து எழுதுகிறேன். வருகிற மாதம் முதல் ஞாயிறு, எங்கள் முதியோர் சங்கத்தில் இருந்து, இரண்டாம் உலக யுத்த காலத்தில் யூத மக்களுக்கு நடந்ததைக் காட்டும் அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். வடக்கு லண்டனில் ஒரு சின்ன இடம்தான். முதலில் சனிக்கிழமை என்றுதான் நினைத்திருந்தேன், பேரப்பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போக நாங்கள் சும்மா இருக்கிற நாள் அல்லவா, டெலிபோன் எடுத்தால் மறுபக்கத்தில் ஒரு வயதான அம்மா சிரிக்கிறார். சனிக்கிழமை அவர்கள் அடுப்பே மூட்டாத ஓய்வு நாளாம், இடம் பூட்டாம். இத்தனை வருடம் சரித்திரம் படிப்பித்த டீச்சருக்கு இது நினைவில் இல்லை, பார். டெலிபோனில் பேசிய அந்த அம்மாவின் பெயர் மிஸிஸ் அட்லர், ஞாயிறுகளில் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்கிறவர். சின்னப் பிள்ளையாக வியன்னாவில் ரயில் ஏறி இங்கே வந்தாராம், தாய் தகப்பன் வரவில்லை. அவர்களை எங்கே அடக்கம் செய்தது என்று கேட்டுவிட்டேன், நாங்கள் யாரிடமும் கேட்கிற கேள்விதானே. அப்படி ஓர் இடம் இல்லை என்றார். அதோடு எனக்கு இது சுற்றிப் பார்க்கப் போகிற பயணமாக இல்லாமல் போய்விட்டது.

ஞாயிறு என்றதும் சங்கச் செயலாளர் இராஜேந்திரன் கூட்டத்தில் எழும்பி நின்றார். "டீச்சர், கோயிலில கொடி ஏறினாப் பிறகு விரதக்காரரைச் செத்தவீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகலாமோ? வந்து தலை முழுக வேணுமோ, வேண்டாமோ?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் கோபிக்கவில்லை. "தம்பி, நீர் சரியான சொல்லைத்தான் சொன்னீர், அது செத்தவீடுதான். செத்தவீட்டுக்கு எங்கட சனம் அழைப்புப் பாத்தே போறது? துடக்கு, தீட்டு எண்டு நினைக்கிற ஆக்கள் வந்து முழுகுங்கோ, லண்டனில சுடுதண்ணி குழாயிலயே வருது" என்றேன். உடனே பின்னால் இருந்து ஒருவர் "ரோல்ஸ் எண்டாலும் கட்டிக்கொண்டு போகலாமோ டீச்சர்?" என்கிறார். மரக்கறி ரோல்ஸ், அதுவும் வெளியில் வாங்குப் பலகையில் இருந்து சாப்பிடலாம், என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் இராஜேந்திரன் விடவில்லை, திருவிழா நேரம் சங்கத்து வான் வண்டியைத் தர ஏலாது என்றுவிட்டார். அரைவாசிப் பேர் கழன்றுவிட்டார்கள். சரி, நோர்தேண் லைன் ரயில் அவருடையது அல்லவே. முதல் கை தூக்கியது முழங்கால் நோவோடு இருக்கும் கனகாம்பிகை. "எனக்கு நடக்கத்தான் ஏலாது, ரயிலில இருக்க ஏலும்" என்றாள். அவளுடைய மனுசன் செத்தபோது இங்கே பெண்களும் சுடலைக்குப் போனோம் அல்லவா, ஊரில் என்றால் படலை வாசலோடு நின்றிருப்போம். வானம் இடிந்து விழவில்லை. பிறகு கோயிலில் அதே ஐயர் அதே திருநீறுதான் தந்தார்.

ஆற்றையோ சனம் என்றாய். நான் வகுப்பில் சொல்லும் உதாரணத்தையே உனக்கும் சொல்கிறேன். பக்கத்து வீட்டு வளவுக் கிணறு உவராகிப் போனால், அது அவர்கள் கிணறு என்று நம் ஊரில் யாரும் பேசாமல் இருப்பதில்லை, ஓடிப்போய்த் தன் கிணற்றுத் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். நிலத்துக்குக் கீழே ஓடுவது ஒரே தண்ணீர் என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி, நான் தொடங்கினால் நீ போனை வைத்துவிடும் கதை. கடிதத்தை அப்படி வைக்க ஏலாது, வாசி. அப்பா போன அன்று நீ வரவில்லை என்று சொல்லிக் காட்டுவதற்கு இதை எழுதவில்லை. ஊரடங்கில் ரோட்டில் நாய்கூடப் போகவில்லை, நீ எந்தப் பிளேனில் வருவது? ஐயர் இல்லை, பறை இல்லை, சொந்தத்தில் ஒருவர் இல்லை. பின்வேலியைப் பிரித்துக்கொண்டு கஸ்பர் வந்தார், தபாற்கந்தோரில் வேலை பார்த்தாரே, அந்த வேதக்காரர். தன் முறைப்படி சிலுவை போட்டார், நம் முறைப்படி அப்பாவின் காலைத் தொட்டார், தலைமாட்டு விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டு பொழுதுபடும் வரை என்னோடு இருந்தார். வெளிக்கிடும்போது "போட்டு வாறன் டீச்சர்" என்றார். செத்தவீட்டால் எழும்புகிறவர் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதுபோல் ஆகிவிடும் என்று ஒரு சொல்லும் பேசாமல்தான் போவார்கள், அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் விடியும் வரை இருந்தேன். விடிய, தன் மகனையும் கூட்டிக்கொண்டு அதே வேலியால் வந்தார், மூன்று பேருமாக அப்பாவை நம் வளவிலேயே தகனம் செய்தோம். கஸ்பரும் ஆற்றையோ சனம்தான், பாலா.

ஐம்பது வருடம் பிந்தினாலும் துக்க வீடு துக்க வீடுதான். மிஸிஸ் அட்லர் சொல்வதை இருந்து முழுக்கக் கேட்பேன், அழுகை வந்தால் அழுவேன், அதற்கு நான் வெட்கப்படப் போவதில்லை. எழும்பும்போது, கனகாம்பிகைக்கும் எல்லோருக்கும் கேட்க, அவருடைய கையைப் பிடித்து, போட்டு வாறன் என்று தமிழிலேயே சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்கப்படுத்திவிட்டுத்தான் வருவேன். சொன்னால் திரும்பப் போகத்தான் வேண்டும். மார்கழியில் நீ லீவில் வரும்போது இரண்டாம் முறை போவோம், நீயும் வா.

நீயும் உன் குடும்பமும் நீடூழி நல்லாய் இருக்க அந்த முருகன் காவல் நிற்கட்டும். கொத்தமல்லியை மறக்காதே. நான் போய் வந்த அடுத்த நாள் போன் எடு, அம்மாவுக்கு நித்திரை வந்ததா என்று என்னிடமே கேள்.

என்றும் உன் அன்பு
அம்மா