அறுபது அடிக்குக் கீழே

இன்று காலை வெண்ணந்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தோம். முப்பது அடியிலேயே பாறை தட்டியது. மேல் மண் சரிந்து விழாமல் இருக்க அதுவரைக்கும் கேசிங் பைப்பை இறக்கினோம். அதற்குக் கீழே பைப் இல்லாமல் வெறும் துளையாகவே ஓட்டினோம். நம் பக்கம் யார் போட்டாலும் அப்படித்தான். நம் ஊர்க் கல் நின்று கொடுக்கும். பத்து மணி வாக்கில் வெள்ளைப் புழுதி நின்று, மஞ்சளாகச் சேறு பீய்ச்சி அடித்தது. என் சட்டையெல்லாம் தெறித்தது. துருவேறிய இரும்பு வாடை.

காட்டுக்காரம்மா ஓடி வந்து, "ஏனுங்க, தண்ணிங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, தண்ணிதானுங்க" என்றேன். அவர் கற்பூரம் எடுக்க ஊட்டுக்குப் போனார். நான் சப்போர்ட் லாரிக்குப் பின்னால் போய் டயரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். உன் முகாமில் வந்த அதே வாடை, சாமி. இனிமேல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது என்று அங்கேயே தெரிந்துபோயிற்று.

மூன்று நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். உனக்குப் பிறகு முகாமைப் பார்த்துக்கொள்கிற வாத்தியார் கூப்பிட்டிருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஓடுவது லாரி இந்தி. வெளியிலிருந்து ஒரு நிவாரணக் குழு புதிதாகப் போர் போட வந்திருக்கிறதாம். எத்தனையாவது அடியில் மண், எத்தனையாவது அடியில் கல் என்று முன்பு அங்கே போர் போட்டபோது நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த தாளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கப்போகிறார்களாம். "அதுல இருக்கறது சரிதானே?" என்று கேட்டார். "பாத்துச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டேன்.

பார்க்க என்ன இருக்கிறது? அந்தத் தாளில் நான் எழுதியது பொய். நான் போட்ட அந்தப் போர் ஏன் நின்றுபோனது என்று அவர் கேட்டபோதும், பம்பு மட்டமான பம்பு என்று இன்னொரு பொய் சொல்லி வைத்திருந்தேன். இரண்டையும் நம்பி வேலை செய்தால் புதுப் போரும் மண் விழுந்து மூடிக்கொள்ளும். உன் ஜனம் தண்ணீருக்கு மறுபடியும் அந்த ஓடைக்குத்தான் போக வேண்டும்.

உன்னை நான் முதலில் பார்த்தது ஓமலூர் ரோட்டில், நீ நர்சிங் படித்த காலத்தில். உங்கள் விடுதிக்குப் போர் போட நான்தான் வண்டி கொண்டுவந்தேன். கம்ப்ரசர் சத்தம் காதைக் கிழிக்கிறது. அதற்கு நடுவில் எங்கோ வடகிழக்கு மலைநாட்டு முகத்தோடு ஒரு பெண் வந்து நின்று, "ஏனுங்க அண்ணா, பரீட்சைக்குப் படிக்கோணுமுங்க, எப்பங்க முடியும்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எந்த ஊரு சாமி நீ?" என்றேன். என்னைப் போய் ஏன் சாமி என்கிறீர்கள் என்று கேட்டாய். எங்கள் பக்கம் கிழவனும் சாமி, குழந்தையும் சாமி என்றேன். "அப்ப நீங்களும் சாமிங்களா?" என்றாய். வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்புறம் விடுதி மோட்டார் மக்கர் செய்யும் போதெல்லாம் வார்டனுக்கு முன்னால் நீதான் எனக்குப் போன் செய்வாய்.

நீ படித்து முடித்து ஊருக்குப் போய்ப் பல வருஷம் கழித்து ஒரு நாள் உன் போன் வந்தது. குரலே மாறியிருந்தது. "ஊரு ரெண்டாப் பொளந்துருச்சுங்க அண்ணா. எங்காளுக இந்தப் பக்கம், அவங்க அந்தப் பக்கம். நடுவுல ஓடை. குடிக்கத் தண்ணி அந்த ஓடையிலதான். போறவங்களைச் சுடறாங்க." பள்ளிக்கூடத்தையே முகாமாக்கி, மூட்டை கட்டி வந்த ஜனத்தையெல்லாம் நீயும் அந்த வாத்தியாரும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். உதவிக்கு யாரும் வரவில்லை. ஒரு போர், ஒரு கைப்பம்பு, அவ்வளவுதான் நீ கேட்டது.

நம் ஜனத்தைக் குறை சொல்ல மாட்டேன். திருச்செங்கோட்டில் நான் வாயைத் திறந்ததும் ஒருவர் போர் போடும் ரிக் வண்டியைக் கொடுத்தார், ஒருவர் டீசலுக்குப் பொறுப்பு என்றார். ஊர் ஊராகச் சாமான் வந்து குவிந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் நீ மறுபடியும் கூப்பிட்டாய். "அண்ணா, இங்க கிணறு வெட்டற பெரியவர் ஒருத்தர் இருக்காருங்க. இந்த மண்ணு உள்ளுக்குள்ள நகருமாம். அடி வரைக்கும் பைப்பு போடோணுமுன்னு சொல்றாரு. மத்ததையெல்லாம் நாங்க எப்படியாச்சும் பாத்துக்குவோம். பைப்பு மட்டும் நெறையக் கொண்டாங்க."

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அட சாமி, இந்தியா பூராவும் ஓட்டை போட்ட வண்டி இது. நீ நோயாளியைப் பாரு. நான் கல்லைப் பாத்துக்கறேன்." நம் ஊர்க் கணக்குக்கு இருபது அடிப் பைப் மூன்று போதும் என்று மூன்றே மூன்று ஏற்றினேன். மீதிப் பைப் ஏற வேண்டிய இடத்தில் சேலை மூட்டைகள் ஏறின. உங்கள் ஊர்ப் பெண்கள் சேலையே கட்டுவதில்லை என்பது வந்து இறங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நீ வகுப்பறையில் குடும்பத்துக்குக் குடும்பம் மறைப்பாக அவற்றைக் கட்டித் தொங்கவிட்டு, "ரொம்ப உதவிங்க அண்ணா" என்றாய். நாங்கள் பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டோம்.

பட்டாளத்து வண்டிகளின் காவலோடுதான் உள்ளே வந்தோம். மறுநாள் காலை அவை கிளம்பும்போது நாங்களும் கிளம்ப வேண்டும். விட்டால் அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது. அறுபது அடியில் கெட்டி தட்டியது. கையிலிருந்த மூன்று பைப்பும் அதோடு சரியாகத் தீர்ந்தது. பார்த்தாயா என் கணக்கை என்று உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நூற்றுப்பத்து அடி தாண்டியதும் துளையிடும் ராடு பிடித்துக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. பக்கவாட்டிலிருந்து மண் விழுந்து கவ்வியிருக்கிறது என்று கை வைத்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் இதே வேலை செய்கிறவனுக்குத் தெரியாதா?

கிணறு வெட்டும் பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெளியே வந்த சேற்றை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். உன்னிடம் ஏதோ சொன்னார். "இது கல்லு இல்லீங்களாம் அண்ணா. கீழ பூராவும் காஞ்ச சேறாம். நனைஞ்சா வழியுமாம்" என்றாய். "அவரு கிணறு வெட்டறவரு சாமி. போர் வேற" என்றேன். நீ அவரிடம் திரும்பி ரொம்பச் சின்னதாக ஒன்று சொன்னாய். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

எப்படியோ ராடை உருவி எடுத்து மறுபடியும் ஓட்டினேன். நூற்று நாற்பது வரைக்கும் சேறுதான். அதற்கும் கீழே போய்த் தண்ணீர் வந்தது. பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டுக் கையாலேயே ஏந்திக் குடித்தார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் லாரிக்குள் உட்கார்ந்து தாளில் 'அறுபது அடிக்குக் கீழே கல்' என்று எழுதினேன். சேறு என்று எழுதியிருந்தால் துளையை அப்படியே விட்டுவிட்டு, டவுனுக்குப் போய்ப் பைப் தேடி, நான் அங்கேயே கிடந்திருக்க வேண்டும். வரும் வழியெல்லாம் எரிந்து கிடந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். பயந்துபோனேன் சாமி. வேறு ஒரு காரணமும் இல்லை.

தாளைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் சரியாகுங்களா அண்ணா?" என்றாய். "கல்லாட்டம் நிக்கும்" என்றேன். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். ஊருக்கு வந்ததும் எனக்குக் கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் குனிந்து கொடுத்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அண்ணா, தண்ணி கலங்கலா வருதுங்க" என்றாய். "புதுப் போரு அப்பிடித்தான். அடிக்க அடிக்கத் தெளிஞ்சிரும்" என்றேன். அடுத்த வாரம் மணல் வருகிறது என்றாய். துணி கட்டி வடிகட்டச் சொன்னேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது நீ தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. என் வீட்டுக்காரியைக் கேட்டாய், ஓமலூர்ப் பக்கம் மழை பெய்ததா என்று கேட்டாய், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தாய். அப்பாடா, சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நானும் அந்தப் பேச்சை எடுக்காமல் விட்டேன். எடுத்துத் தொலைத்திருக்கலாம்.

வாத்தியார் சொல்லித்தான் மீதியெல்லாம் தெரிந்தது. போர் முழுதாக மூடிக்கொண்டதும் மறுபடியும் ஓடைக்குப் போக ஆரம்பித்திருக்கிறீர்கள். யார் என்றைக்குப் போவது என்று முறை வைத்துப் பட்டியல் போட்டவள் நீ. உன் பேரையும் மற்றவர்கள் பேரோடு எழுதியிருக்கிறாய். அன்று காலை உன் முறை. இரண்டு குடத்தோடு போனாய். அக்கரை மேட்டிலிருந்து சுட்டார்கள்.

அன்று நான் வாழப்பாடியில் வேலையில் இருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாம் வந்து தோளைத் தட்டினார்கள். "அவ்வளவு தூரம் போயி உதவி பண்ணுனீங்க, உங்களால ஆனதைப் பண்ணிப்போட்டீங்க, மனசைத் தேத்திக்குங்க" என்றார்கள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். ஒருவரிடமாவது உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

வாத்தியார் போன் செய்ததிலிருந்து இந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. நேற்று என் வீட்டுக்காரி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தப் புள்ளை விஷயமா ஏதோ மனசுல வெச்சுட்டு இருக்கறீங்க. எதுவானாலும் சொல்லிப்போடுங்க. பாக்க முடியலீங்க உங்களை" என்றாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. "அவங்களுக்குச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

இன்று அந்த லாரிக்குப் பின்னால் நின்றுதான் வாத்தியாரைக் கூப்பிட்டேன். தாளில் எழுதியது பொய், நூற்றுப்பத்திலிருந்து நூற்று நாற்பது வரைக்கும் சேறு, தெரிந்தேதான் மாற்றி எழுதினேன், பம்பின் மேல் தப்பு இல்லை என்று என் உடைந்த இந்தியில் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவர் கோபப்படவே இல்லை. "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "பெரியவர் அன்னைக்கே சொல்லிட்டார். இப்ப வந்திருக்கிற குழுவுக்கிட்டயும் சொன்னார். அவங்க கேக்கலை, உங்க தாளைத்தான் நம்பறாங்க. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்களா சொன்னாத்தான் உண்டு."

தெரிந்தால் ஏன் அப்போதே என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"சிஸ்டர் விடலை. இத்தனை தூரம் வந்தவரைக் குறை சொன்னா மனசு விட்டுப்போகும், அவரும் திரும்பி வர மாட்டாரு, அதைக் கேள்விப்பட்டு வேற யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னாங்க. மணல் வந்தப்பகூட, ரெண்டு தடவை சொல்லியாச்சு, மூணாவது தடவை சொன்னா குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும்னு விட்டுட்டாங்க."

நான் மண்ணிலேயே உட்கார்ந்தேன். அப்புறம் வேறு ஒரு தாளை எடுத்து, எந்த அடியில் என்ன இருக்கிறது, ராடு எங்கே பிடித்தது, எனக்கு அது தெரியும் என்பது எல்லாவற்றையும் எழுதி, கிணறு வெட்டும் பெரியவர் சொல்வதுதான் சரி என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் குழுவின் ஆள் கூப்பிட்டு எத்தனை அடிக்குப் பைப் இறக்கலாம் என்று என்னிடம் கேட்டார். என்னைக் கேட்காதீர்கள், பக்கத்தில் நிற்கிற அந்தப் பெரியவரைக் கேளுங்கள் என்றேன். பைப் இன்னும் வழியில் இருக்கிறதாம். சாலை திறந்தால்தான் வரும். தண்ணீர் வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை.

நான் வர மாட்டேன் என்று பயந்துதானே வாயைக் கட்டிக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாய். இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பேசினாயே, நான் வந்தேனா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "பொய் சொல்லாதீங்க அண்ணா, பைப்பை எடுத்துட்டு வாங்க" என்று நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா சாமி? வந்திருப்பேன். வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.