காமாட்சி ஊட்டிய முதல் சோறு

என் தங்கமே, தங்கச்சி காமாட்சி,

நேற்று வவுனியாவிலிருந்து உன் மகள் பேசினாள். உன் பேரன் நடக்கத் தொடங்கிவிட்டானாம். வெடிச்சத்தம் கேட்டால் மட்டும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறானாம். உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

முதலில் உனக்கு ரொட்டி நெஞ்சில் நின்றது. பிறகு தேத்தண்ணியும் இறங்கவில்லை. உணவுக்குழாயில் புற்று என்று பேராதனை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். அதன்பின் எடுத்த ஸ்கேன் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் கோயிலில் தேங்காய் உடைத்தோம்.

என் பேத்தி மலர் அந்த ஆஸ்பத்திரியில்தானே ஆராய்ச்சி செய்கிறாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை நுணுக்குக்காட்டியில் இரத்தம் பார்க்கிறாள் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் சுற்றும் புற்றுக் கலங்களைத் தேடுவதுதான் அவள் வேலை. வெட்டிய பிறகும் அவை இருந்தால் நோய் திரும்பி வரக்கூடும் என்று, ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் புரியும்படி சொன்னாள்.

ஆராய்ச்சிக்கு நீ கொடுத்த இரத்தத்தைப் பார்த்த அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. நீ விடுவாயா? மறைக்காமல் சொல்லச் சொன்னாய். அவள் தன் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டொக்டரிடம் கேட்டு, அவரையும் கூட்டிக்கொண்டே வந்தாள்.

"இருக்கு சின்னம்மாயி. திரும்பி வரலாம். நிச்சயமாச் சொல்ல ஏலாது, இது இன்னும் ஆராய்ச்சிதான்."

நீ சிரித்தாய். "சோதனைச் சாவடில நம்மள மட்டும் பஸ்ஸ நிப்பாட்டி எறக்கி ஐடென்டி கார்டு கேக்குறாங்க. இது ஒண்ணும் காட்டாம ஒடம்பு பூரா சுத்துதே."

அடுத்த கிழமையே மகளிடம் போகக் கிளம்பினாய். சண்டை நேரத்தில் எதற்கு என்று தடுத்தேன்.

"விழுங்க முடியிறப்பவே போயிட்டு வந்துர்றேன்க்கா."

வழியெல்லாம் இறக்கி ஏற்றினார்களாம். அலுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தாய். பேரனுக்கு முதல் சோறு உன் கையால்தான். அவன் வாயில் ஒரு பருக்கை வைத்துவிட்டு, மிச்சத்தை நீயே வழித்துச் சாப்பிட்டாயாம். உன் மகள் இன்னும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

நீ திரும்பி வந்து சில மாதங்களில் தொண்டை மறுபடி அடைத்துக்கொண்டது. பிறகுதான் படத்திலும் தெரிந்தது. அதன்பின் நீ அதிக நாள் இருக்கவில்லை. அதுவரை காத்திருந்தால் அந்தச் சோறு உனக்குக் கிடைத்திருக்குமா?

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் இரத்தமும் மலருக்கு வேண்டுமாம். ஊசியைக் கண்டால் அக்கா ஓடுவாள் என்று கேலி செய்வாயே, திங்கட்கிழமை நான்தான் முதல் ஆளாகக் கையை நீட்டப் போகிறேன். கண்ணை மூட மாட்டேன், பார்த்துக்கொள்.

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த,
அக்கா