போர்டைப் பார்த்துப் பேசும் டீச்சர்

புதன்கிழமை, இரவு

படுத்தும் தூக்கம் வரவில்லை. காலையில் ரம்லாவின் அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். பனியன் கம்பெனியில் டெய்லர். காது கேட்காத மகளைப் பத்தாவதில் பாதியிலேயே நிறுத்தி, தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னார்.

“மெஷின் சத்தத்துல அங்க யாருக்குமே காது கேக்காதுங்க டீச்சர். எல்லாரும் கையிலதான் பேசிக்குவோம். இங்க இவ ஒத்தையா உக்காந்திருக்கறாளுங்க.”

“அவளையே கேளுங்களேன்” என்றேன். அவர் சைகையில் கேட்டார். ரம்லா என்னையும் கரும்பலகையையும் காட்டி வேகமாக ஏதோ சொன்னாள். அம்மா தயங்கினார்.

“நீங்க போர்டைப் பாத்துட்டே பேசறீங்களாம். திரும்பி, வாயசைவு தெரியற மாதிரி பேசுனா படிக்கறாளாமுங்க.”

சரி என்றேன். பரீட்சை வரைக்கும் பார்க்கலாம் என்று அவளை விட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் கணக்கை எழுதி முடித்து, திரும்பி நின்ற பிறகே வாயைத் திறந்தேன். புரிந்ததா என்று ரம்லாவைக் கேட்டேன். இத்தனை நாளும் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவாள். இன்று புரியவில்லை என்று கையை ஆட்டினாள். அதைப் பார்த்து, காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகள் சிலரும் தங்களுக்கும் புரியவில்லை என்று கை தூக்கினார்கள்.