சாமந்தி மாலைக்குப் பின்னால்

கள்ளிக்குப்பம்,
வியாழக்கிழமை

அன்புள்ள நைனாவுக்கு மகள் ஹேமாவதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். புழல் ஜெயிலில் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? நேரில் வந்தால், கம்பிக்கு முன்னால் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

துலுக்கானம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. உங்கள் மேல் கோபம் இல்லை. "மோகன் அண்ணாத்தே இன்னா பண்ணுவாரு, மேல சொன்னத செஞ்சாரு" என்றார்.

நேற்று மேனேஜர் ராகேஷ் அவரைப் பார்க்க வந்தார். ஒரு கை போனதற்கு அரை கிலோ மைசூர்பாகு. பிரஸ் மெஷினில் கை நுழையாமல் தடுக்கும் கம்பிக் கதவை, யாரும் சொல்லாமல் நீங்களே தூக்கிக் கட்டியதாக ஒரு தாள் எழுதியிருக்கிறார்கள். உங்களிடம் கையெழுத்து வாங்க வருவார்கள். டைரக்டர் பக்தவத்சலம் மெஷின் பக்கமே வந்ததில்லையாம். மீட்டிங்கில் உட்காருவதோடு சரியாம்! லாபத்துக்கு அவர் முதலாளி, ரத்தத்துக்கு நீங்கள்.

ஆயுத பூஜைக்கு நம் குடும்பத்தையும் கூப்பிட்டார்களே, நினைவிருக்கிறதா? அதே மெஷினுக்கு அவர்தான் குங்குமம் வைத்தார். வைத்த விரலை உடனே கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். கதவு ஏன் கட்டியிருக்கிறது என்று அம்மா கேட்டதற்குச் சிரித்தார். "தொறந்து மூடிகினு இருந்தா வேலை ஆவுமாம்மா? நான்தான் கட்டச் சொன்னேன்" என்றார். அப்போதும் நீங்கள் கைகட்டி நின்றீர்கள்.

படத்தில் நிற்கக் கூச்சப்பட்டு, அம்மாவின் போனை வாங்கிப் படம் எடுத்தது நான். அதில் குங்குமம் வைக்கும் அவர் விரலுக்கு ஒரு சாண் மேலே, சாமந்தி மாலைக்குப் பின்னால், கதவைக் கட்டிய கம்பி தெளிவாகத் தெரிகிறது.

சங்கத்து வக்கீல் ஜம்புலிங்கத்திடம் காட்டினேன். "சட்டப்படி டைரக்டர் பதில் சொல்லணும். அவருக்குத் தெரியும்னு இந்தப் படம் சொல்லுது. எடுத்த நீ வந்து சாட்சி சொல்லணும்மா" என்றார். அம்மா, "பஸ்ல ஸ்டாப்பிங் கேக்கவே உனுக்கு வாய் வராதேடி" என்று அழுகிறாள்.

ஒன்பதாவதோடு நின்றவள்தான் நான். ஆனாலும் பார்த்ததைச் சொல்லப் படிப்பு வேண்டாம் என்று நினைக்கிறேன். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

டைரக்டர் தெய்வம் மாதிரி என்று இனியும் சொல்லாதீர்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணை அன்று என்னைப் பார்க்க வேண்டாம், அழுதுவிடுவேன். அவரை நிமிர்ந்து பாருங்கள், நைனா. ஒரே ஒரு தடவை.

உங்கள் மகள்,
ஹேமாவதி